பேராலயத்தின் ஏழு இரும்புக் கம்பிகள்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

மறைமாவட்டச் செய்தி மடல் நேற்று வந்தது. மூன்றாம் பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால் கூரை வரைக்கும் சாரம் கட்டியிருக்கிறது. படத்தின் கீழே உள்ள வாக்கியத்தை நான்கு முறை படித்தேன்: "புதிய ஆயரின் பதவியேற்பை முன்னிட்டு, பேராலயத்தின் அழகைக் கெடுத்துவந்த ஏழு பழைய இரும்புக் கம்பிகள் அகற்றப்படவுள்ளன."

உன் அண்ணி, "ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சது, இதுக்குப் போய் லெட்டரா?" என்கிறாள். போன் போடமாட்டேன். போனில் நான் கத்துவேன். நீ "சரிண்ணா, சரிண்ணா" என்பாய். வைத்ததும் உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு யாரும் சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது.

நீ ஒன்பது ஆண்டுகளாகப் பங்குத்தந்தையாக இருக்கும் கட்டடத்தைப் பற்றிச் சில செய்திகள் சொல்கிறேன். அதைத் தொடங்கியவர் கட்டடக்கலை படித்தவர் அல்லர். கப்பலில் வந்த ஒரு குரு. சிறு வயதில் தாம் பீடச் சிறுவராக இருந்த பேராலயத்தை நினைவிலிருந்தே வரைந்தார். அதனால்தான் பனியே பெய்யாத ஊரில், பனி வழுக்கி விழுவதற்கான செங்குத்துக் கூரையின் கீழ் நீங்கள் வெந்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் அவருக்குக் கணக்குத் தெரியும். நாற்பதடி உயரத்துக்கு மூன்றடி கனத்தில் சுவர் போட்டார். சுவர் இருபதடி எழும்பியபோது காய்ச்சலில் இறந்துபோனார்.

அடுத்து வந்த ஆயருக்கு எதிர்த் தெருவில் நீதிமன்றம் எழும்புவது பிடிக்கவில்லை. அதைவிட ஆலயம் உயரமாக இருக்கவேண்டும் என்று பதினோரு அடி கூட்டச் சொன்னார். தலைமைக் கொத்தனார் எழுதிக் கொடுத்த தாள் ஆயர் இல்லத்து ஆவண அறையில் இன்றும் இருக்கிறது: "மூன்றடிச் சுவர் இந்த உயரத்தில் செங்கல் வளைவுக் கூரையைத் தாங்காது." ஓரத்தில் ஆயரின் கையெழுத்தில் ஒரே சொல்: "தாங்கும்."

தாங்கவில்லை. வளைவுக் கூரை என்பது கீழே மட்டும் அழுத்துவதில்லை; இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கட்டி முடித்த ஒன்பதாம் ஆண்டில் கூரையின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியது. சுவர்கள் இரண்டும் மேலே வெளிப்புறமாகச் சாய்ந்தன. ரயில்வே பட்டறையில் ஏழு கம்பிகள் அடித்து, நடுக்கூடத்தின் குறுக்கே சுவருக்குச் சுவர் மாட்டி இழுத்துக் கட்டினார்கள். வெளிச்சுவரில் ஆண்டுதோறும் கறுப்பு வர்ணம் அடிக்கிறீர்களே இரும்புச் சிலுவைகள், அவற்றை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவை அந்தக் கம்பிகளின் முனைகள்.

அதாவது, உன் பேராலயத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பவை அழகைக் கெடுக்கும் அந்த ஏழு கம்பிகள்தாம். வேலையை நிறுத்து. நிறுத்திவிட்டு எழுது.

அண்ணன்


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காலைப் பூசைக்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பனிக்கூரைச் செய்தி எனக்குப் புதிது. அடுத்த முறை யாராவது மின்விசிறி போதவில்லை என்று சண்டைக்கு வந்தால் உங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

இது என் யோசனை அல்ல. பதவியேற்பை நேரலையில் காட்டப்போகிறார்கள். ஒளிப்பதிவாளர் வந்து பாடகர் மாடத்தில் கேமராவை வைத்துப் பார்த்தார். பார்த்த உடனே கையை விரித்துவிட்டார். "ஃபாதர், எந்தப் பக்கம் வெச்சாலும் ஆயர் மூஞ்சிக்குக் குறுக்கே கம்பி வருது. துணி காயப்போட்ட மாதிரி இருக்கு ஃபாதர்" என்றார். கூட இருந்த கட்டடக் குழுவினர் சிரித்தார்கள். சிரித்த கையோடு தீர்மானமும் போட்டுவிட்டார்கள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு, "இதை எடுத்தா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பச்சை அட்டை. உங்கள் புத்தகம். எண்பத்து நான்காம் பக்கத்தில் காகிதம் செருகியிருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"நடுக்கூடத்தின் குறுக்கே செல்லும் ஏழு கம்பிகளும் தட்டிச் சோதிக்கப்பட்டன. அவை தளர்ந்து, எவ்விதப் பளுவுமின்றித் தொங்குகின்றன. பக்கச் சிற்றாலயங்கள் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டபின், சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் வேலையை அவையே ஏற்றுக்கொண்டன. எனவே கம்பிகளுக்கு இன்று கட்டுமானப் பயன் ஏதும் இல்லை; ஒரு காலத்து அச்சத்தின் அடையாளங்களாக மட்டுமே அவை நீடிக்கின்றன."

படித்துக் காட்டிவிட்டு, "உங்க அண்ணனே எழுதிட்டாரு ஃபாதர். இதுக்கு மேல நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார். குழுவின் தீர்மானத்திலும் "பேராசிரியரின் ஆய்வு நூல், பக்கம் 84" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். இருநூறு பிரதி அச்சடித்து நூற்றெண்பதை நீங்களே வீட்டுக்குச் சுமந்து வந்ததாகச் சொல்வீர்கள். மீதி இருபதில் ஒன்று சரியான கைக்குத்தான் போயிருக்கிறது.

நான் கேலி செய்யவில்லை அண்ணா. எனக்குப் புரியவில்லை. எந்த அண்ணனை நான் நம்பவேண்டும்? பிப்ரவரி ஆறாம் தேதி எழுதியவரையா, புத்தகம் எழுதியவரையா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இருபத்தெட்டு வயதில் எழுதிய நூலிலிருந்து ஒரு பத்தியை உருவி எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறாய். மறையுரைக்குப் பழகிய கை; மேற்கோள் காட்டுவதில் குறை சொல்ல முடியாது.

உன் பொறியாளரைப் பற்றிச் சொல். கூரையின் எடையைக் கணக்கிட்டாரா? சுவரின் சாய்வை அளந்தாரா? அளந்திருக்கமாட்டார். புத்தகம் படித்திருக்கிறார். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல், அவருடைய பழைய மருத்துவச் சீட்டைப் படித்துவிட்டுக் கத்தியை எடுக்கும் மருத்துவரை உங்கள் மருத்துவமனையில் வைத்துக்கொள்வீர்களா? பேராலயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த நூலுக்குப் பிறகு நான் நாற்பதுக்கு மேற்பட்ட வளைவுக் கூரைகளைப் பார்த்திருக்கிறேன். விழுந்து கிடந்த மூன்றைப் பார்த்திருக்கிறேன். பக்கச் சிற்றாலயங்கள் சுவருக்கு முட்டுக்கொடுப்பதாக நினைப்பது பலரும் செய்யும் தவறு. உங்கள் சிற்றாலயங்களுக்கு அடித்தளம் இரண்டடிகூட இல்லை. அவை சுவரைத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இதை என் மாணவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன்.

எண்பத்து நான்காம் பக்கத்துக்கு நான் உனக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். அறிவு வளரும், நூல் வளராது. அடுத்த மாதம் தேசியத் தொன்மைக் கட்டடக் கழகத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று பெயர்களில் என் பெயரும் இருக்கிறது; அதற்கு முதல் தகுதியாக அவர்கள் குறிப்பிட்டிருப்பது இந்த நூலைத்தான். இந்த நேரத்தில் ஒரு பங்குக் குழு தன் கேமராவுக்காக அதைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு திரிவது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியளிக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

பொறியாளரைக் கணக்குப் போடச் சொல். கம்பிகளைத் தொடாதே.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முதல் கம்பியை அறுத்துவிட்டார்கள். உங்கள் கடிதத்தைக் குழுவிடம் காட்டினேன். "அண்ணன் தம்பிக்குள்ள இருக்கிறதை நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க ஃபாதர், எங்ககிட்ட புத்தகம் இருக்கு" என்றார் செயலாளர்.

கோபுரத்துக்கு அருகில் இருந்த கம்பி அது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நடுவில் அறுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிட்டிகை சுண்ணாம்புகூட உதிரவில்லை. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். பொறியாளர் சாரத்திலிருந்தே, "பாத்தீங்களா ஃபாதர்? சும்மா தொங்கிட்டு இருந்திருக்கு! பேராசிரியர்னா பேராசிரியர்தான்!" என்று கத்தினார். ஒளிப்பதிவாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

நீங்கள் கம்பிகளைத் தட்டிப் பார்த்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். குருமடத்திலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். பாடகர் மாடத்தில் ஏணியை நிறுத்தினோம். அங்கிருந்து எட்டிய முதல் கம்பியைச் சுத்தியால் தட்டினீர்கள். ஏணியை நகர்த்தி மாடத்தின் கைப்பிடியோரம் வைத்து, உடம்பை முழுவதும் வளைத்து இரண்டாவதைத் தட்டினீர்கள். இரண்டும் தகரத்தைத் தட்டியதுபோல் சத்தம் கொடுத்தன. மற்ற ஐந்துக்கும் மாடத்திலிருந்து எட்டாது. தரையிலிருந்து நாற்பதடிக்கு மேல். கோயில் பணியாளரிடம் பெரிய ஏணி கேட்டேன், நாளைக்கு வாங்க என்றார். நீங்கள் இறங்கி வந்து, "போதும்டா. எல்லாம் ஒரே பட்டறையில அடிச்சதுதானே, ஒரே மாதிரிதான் இருக்கும். வா, பஸ் போயிடும்" என்றீர்கள்.

புத்தகத்தில் ஏழு என்று இருக்கிறது. நான் வேறொரு நாள் நீங்கள் மறுபடி வந்து மீதியைத் தட்டியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். கேட்கப் பயந்தேன்.

இப்போது கேட்கிறேன். மறுபடி வந்தீர்களா? வந்திருந்தால் ஆம் என்று ஒரு வரி போதும், நிம்மதியாக விட்டுவிடுகிறேன். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஏணி பிடித்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு அச்சடித்த புத்தகத்தோடு நான் வாதாட முடியாது. தவக்காலத் தியானம் இருக்கிறது என்று சொல்லி வேலையைப் பத்து நாள் நிறுத்திவைத்திருக்கிறேன். மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை காலை இரண்டாவது கம்பியில் தொடங்கி, அன்று மாலைக்குள் மூன்றாவதையும் முடிப்பதாக இருக்கிறார்கள்.

தலைவர் பதவி விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். மன்னியுங்கள்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

வரவில்லை.

உன் கடிதம் என்னை எவ்வளவு கோபப்படுத்தியது என்பதை எழுதப்போவதில்லை. அதில் ஒரு சொல்கூடத் தவறாக இல்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். நான் பஸ் என்று சொன்னதுகூட உனக்கு நினைவிருக்கிறது.

முதல் கம்பியை அறுத்தபோது ஒன்றும் ஆகாததை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோபுரங்களின் அடிப்பகுதி இரண்டு கம்பி தூரத்துக்கு உள்ளே நீள்கிறது. அங்கே கூரை தள்ளுவதைக் கோபுரமே வாங்கிக்கொள்கிறது. கம்பிக்கு வேலை இல்லை. அதனால்தான் தகரச் சத்தம். மூன்றாவதிலிருந்து கோபுரம் இல்லை. மூன்றடிச் சுவரும் கம்பியும் மட்டும். மூன்றாவதை அறுத்தால் கைதட்டுவதற்குக் கீழே யாரும் நிற்காமல் இருப்பது நல்லது.

இத்துடன் ஓர் அறிக்கை இணைத்திருக்கிறேன். கையொப்பமும் துறை முத்திரையும் இருக்கின்றன. ஞாயிறு காலை எட்டு மணிப் பூசையில், அறிவிப்புகளோடு சேர்த்து நீ இதைப் படிக்கவேண்டும். சுருக்காதே. இனிப்புத் தடவாதே. "நம் பேராசிரியர் பெருந்தன்மையோடு" என்று ஆரம்பித்தாய் என்று கேள்விப்பட்டால் உன்னோடு பேச்சே கிடையாது.

"பேராலயத்தைப் பற்றி நான் எழுதிய நூலின் 84ஆம் பக்கத்தில், ஏழு கம்பிகளையும் சோதித்ததாக எழுதியிருக்கிறேன். அது பொய். இரண்டை மட்டுமே சோதித்தேன். மற்ற ஐந்துக்கும் ஏணி எட்டவில்லை, மறுநாள் வரச் சொன்னார்கள், நான் வரவில்லை. அந்த ஐந்து கம்பிகளும் சுவர்களைப் பிடித்திருக்கின்றன என்பது என் இன்றைய உறுதியான கருத்து. அந்தப் பக்கத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அதை நம்பிக் கம்பிகளை அறுப்பவர், நான் சொல்லாத ஒன்றை அல்ல, நான் பொய்யாகச் சொன்ன ஒன்றை நம்பி அறுக்கிறார்."

இதன் பிரதிகள் என் பதிப்பாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொன்மைக் கட்டடக் கழகத்துக்கும் இன்றே போகின்றன. உன் அண்ணி தட்டச்சுச் செய்து கொடுத்தாள். முடித்துவிட்டு, "பொய்ன்னே போடணுமா? தவறுன்னு போட்டா ஆகாதா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். தாளை மடித்துக்கொண்டே, "சரி, கழகத்துக்குப் போற உறையில ஸ்டாம்ப் நான் ஒட்டறேன், நீங்க கிழிச்சுடுவீங்க" என்றாள். கிழித்திருக்கமாட்டேன். அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டாம் தேதி ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பு நேர மாற்றத்துக்கும், யாரோ விட்டுவிட்டுப்போன குடைக்கும் நடுவில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. "அது பொய்" என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதை மட்டும் மன்னியுங்கள்.

குழுச் செயலாளர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பொறியாளர் இரண்டாம் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் நேரே வெளியே போய்விட்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தனியாக வந்து சாரத்தில் ஏறினார். கையில் ஒரு பெரிய ஸ்பேனர். நான் கீழே நின்றேன். இரண்டாவதைத் தட்டினார், பழைய தகரச் சத்தம். மூன்றாவதைத் தட்டினார்.

அண்ணா, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? இழுத்துக் கட்டிய தந்தியைத் தட்டியதுபோல் ஆலயம் முழுவதும் நீண்டு ஒலித்தது. பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த அம்மா, மணி எதற்கு அடிக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் அப்படித்தான். பொறியாளர் இறங்கி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். "இன்னிக்கு சாயங்காலம் இதை அறுக்கிறதா இருந்தேன் ஃபாதர். ரெண்டு பேரை மேல ஏத்தி" என்றார். அறுக்கும் இயந்திரத்தைத் தானே வண்டியில் ஏற்றி அனுப்பினார். மறுநாள் நீங்கள் கேட்ட கணக்கைத் தொடங்கினார். தூக்குக்குண்டு விட்டு இரண்டு சுவர்களையும் அளந்தார். மேலே நாலே கால் அங்குலம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. அளவுத்தாளை இணைத்திருக்கிறேன்.

கம்பிகள் தப்பின. ஆனால் என் ஆலயம் காலியாகிவிட்டது.

நேற்று எட்டு மணிப் பூசைக்கு வந்தவர்கள் யாரும் நடுவில் உட்காரவில்லை. கோபுரத்துக்குக் கீழே பின்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். சிற்றாலயங்களில் ஒரு கூட்டம். நடுவில் முப்பது பெஞ்சுகள் வெறுமையாக. வழக்கமாக முன்வரிசையில் இடத்துக்குச் சண்டை போடும் அம்மாளிடம், "ஏன்மா பின்னாடி?" என்று கேட்டேன். "ஜெபம் எங்கேருந்து பண்ணாலும் கேக்கும் சாமி. கூரை விழுந்தா என் தலையிலதானே விழும்" என்றார். இதற்கு நான் என்ன மறையுரை வைப்பது?

புதிய ஆயரின் செயலர் இன்று காலை போன் செய்தார். பதவியேற்பை விளையாட்டரங்கத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். அப்படி மாற்றினால், ஆயரே நுழையப் பயந்த ஆலயம் என்று பேர் வந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கூரை நிற்குமா அண்ணா? எனக்காகச் சொல்லவேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நிற்கும்.

நம்பிக்கையாகச் சொல்லவில்லை, அளவைப் பார்த்துச் சொல்கிறேன். பொறியாளரின் தாளைப் பார்த்தவுடன் என் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். கம்பிகளை மாட்டி முடித்த அன்று ரயில்வே பட்டறையின் தலைமை ஆள் ஆயருக்குக் கொடுத்த சீட்டை அன்று நான் பிரதி எடுத்திருந்தேன். சுவர்களின் சாய்வை அதில் குறித்திருக்கிறார்: நாலே கால் அங்குலம். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சாலை அகலமாயிற்று, லாரிகள் ஓடின, நீங்கள் ஒலிபெருக்கி வைத்து அலறினீர்கள். சுவர் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. பட்டறை ஆள் யாரென்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உங்கள் கல்வெட்டில் இருப்பவர் "தாங்கும்" என்று எழுதியவர்.

அறுத்த முதல் கம்பியால் ஆபத்து இல்லை. ஆனாலும் அது திரும்ப வரவேண்டும். பற்றவைத்து ஒட்டுப்போடாதீர்கள், நடுவில் திருகு இணைப்பு வைத்து, காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது முறுக்கச் சொல். மற்ற ஆறிலும் யாரும் கைவைக்கக் கூடாது. உன் பொறியாளர் நல்ல மனிதர். அவர் முதலிலேயே ஸ்பேனரோடு ஏறியிருக்கவேண்டும் என்று அவரிடம் சொல். நானும்தான் என்று சேர்த்துச் சொல்.

கழகத்திலிருந்து நேற்றுப் பதில் வந்தது. என் "வெளிப்படைத்தன்மையை மிகவும் மதிக்கிறார்கள்." வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதிப்பாளர் கடைகளில் மிச்சமிருக்கும் பிரதிகளைத் திரும்பப் பெறப்போவதாக எழுதியிருக்கிறார், மொத்தம் மூன்று. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்த ஐந்து கம்பிகளுக்காக மறுநாள் வந்திருக்கலாம் என்பதை இருபத்தேழு ஆண்டுகளாக அறிந்திருந்த ஒருவன்மேல். அந்த ஒருவனை ஒன்றும் கேட்காமல் இருந்த இன்னொருவன்மேலும் கொஞ்சம்.

செயலருக்கு இன்றே எழுது. விளையாட்டரங்கம் வேண்டாம். ஒளிப்பதிவாளரைச் சாரத்தின் மேல் ஏற்று. கம்பிகளுக்கு மேலிருந்து படம் பிடிக்கட்டும். அவருக்கும் உயரம் பழகும்.

வருகிற ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு நானும் உன் அண்ணியும் வருகிறோம். சனிக்கிழமை மாலை ரயில். நான்காவது கம்பிக்கும் ஐந்தாவது கம்பிக்கும் நேர் கீழே, நடுவில், ஒரு பெஞ்சை எங்களுக்கு விட்டு வை. கூரை விழுவதாக இருந்தால் முதலில் விழக்கூடிய இடம் அதுதான். அண்ணியிடம் விவரம் முழுவதும் சொல்லிவிட்டேன். "பக்கத்துல ஃபேன் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்களைப் பற்றிப் பீடத்திலிருந்து ஒன்றும் சொல்லாதே. நாங்கள் அங்கே உட்கார்ந்திருப்போம். பின்னாலிருந்து அதைப் பார்க்கும் அந்த முன்வரிசை அம்மாள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

அண்ணன்